மேடையில் இரண்டாவதாக நடந்து வருபவர்



மழை விட்டபாடில்லை. இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுக்கத்தியை எடுக்க வேண்டியிருக்கிறது. மரம் நனைந்திருந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. வீடு, சம்பளம், பாதை என்று இந்தப் பக்கத்தில் மாதாமாதம் எழுதுவதற்கு நமக்கு விஷயம் குறைவதேயில்லை. அவற்றையெல்லாம் அடுத்த பக்கங்களுக்கு விட்டுவிட்டு, இம்முறை பியானோவைப் பற்றி எழுதப் போகிறேன்.

காரணம் ஒரு கடிதம். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஞாயிறு வழிபாட்டுக்குக் கீபோர்ட் வாசிக்கிறாள். பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், கை தானாகப் போகிறதாம். கற்றுக்கொடுக்கும் சிஸ்டர், “இந்தப் பிள்ளையை விட்டுடாதீங்க” என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் என்னிடம் கேட்டது மூன்று கேள்விகள். இதைப் படித்து ஒரு பிள்ளை என்ன ஆகலாம்? வயிற்றுப்பாட்டுக்கு ஆகுமா? நம்ம நாட்டிலிருந்து யாராவது அப்படி ஆகியிருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகியிருக்கிறார்கள்.

உலகத்தின் பெரிய இசை மண்டபங்களில் இட்ஸாக் பெர்ல்மனின் வயலின் கச்சேரி என்றால் நுழைவுச்சீட்டு கிடைப்பது கடினம். 1945இல் டெல் அவிவ் நகரில் பிறந்தவர் அவர். நான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் கால்களைத் தாக்கியது. அதனால் உட்கார்ந்துதான் வாசிப்பார். அவர் மேடைக்கு வரும்போது கூடவே ஒருவர் அமைதியாக நடந்து வருவார். சபைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பியானோவின் முன் அமர்வார். பல பத்தாண்டுகளாக பெர்ல்மனின் கச்சேரிகளில் அந்த இருக்கைக்கு உரியவர் ரொஹான் டி சில்வா. நம் நாட்டவர்.

அவருக்கு முதல் ஆசிரியை அவருடைய தாய் பிரிம்ரோஸ் டி சில்வா. அதன்பின் மேரி பில்லிமோரியாவிடம் படித்தார். பிறகு லண்டன் ரோயல் இசை அகாதெமியில் ஆறு ஆண்டுகள். 1822இல் தொடங்கிய கல்லூரி அது. நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததாக நாம் நினைவுகூரும் 1823க்கு ஒரு வருடம் மூத்தது. ஹமிஷ் மில்ன், சிட்னி கிரில்லர், வில்பிரட் பாரி ஆகியோர் அங்கே அவருடைய ஆசிரியர்கள். பரிசுகளும் புலமைப்பரிசில்களும் ஒவ்வொன்றாக வந்தன. படிப்பு முடிந்தபோது கல்லூரியின் மிகச் சிறந்த வாசிப்புக்கான சப்பெல் தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தங்கப் பதக்கம் வாங்கிய பிறகும் அடுத்த படிக்கு ஏறப் பணம் வேண்டும். நியூயோர்க்கில் உள்ள ஜூலியர்ட் பள்ளியில் இடம் பிடிப்பதற்குத் திறமை போதும். அங்கே வாழ்ந்து படிப்பதற்குத் திறமை மட்டும் போதாது. அவருக்கு அந்தக் கதவைத் திறந்தது இலங்கையின் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அதே நிதியம்தான். இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக நோய்க்கும் உதவி கேட்டு நம்மவர்கள் விண்ணப்பம் எழுதுவார்களே, அது. கலைக்கென்று அந்த நிதியம் வழங்கிய விசேட புலமைப்பரிசிலை முதன்முதலில் பெற்றவர் ரொஹான் டி சில்வா. அந்தப் பணத்தில் ஜூலியர்ட் போனார். இளமாணி, முதுமாணி இரண்டையும் அங்கேயே முடித்தார்.

ஜூலியர்டில் மார்ட்டின் கெனினிடம் பியானோவும், பீலிக்ஸ் கலிமிரிடம் சிறுகுழு இசையும் படித்தார். ஆனால் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது டொரதி டிலே அம்மையாரின் வகுப்பறை என்றே எனக்குத் தோன்றுகிறது. வயலின் ஆசிரியை அவர். பெர்ல்மனுக்கும் பாடம் சொன்னவர். மிடோரி, கில் ஷஹாம், சோ லியாங் லின் போன்றவர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்களே. ரொஹான் அவரோடு நெருங்கி வேலை செய்தார். வயலின் வகுப்பில் பியானோக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மாணவர் ஒருவர் ஒரு சொனாட்டாவைப் பாடம் ஒப்புவிக்கும்போது வயலின் பாதி, பியானோ பாதி. அந்த இன்னொரு பாதி இல்லாமல் பாடமே நடக்காது. ஆகவே மாணவர் மாறுவார், பியானோக்காரர் மாறமாட்டார். ஒருவர் அவசரப்படுவார், ஒருவர் பயத்தில் இழுப்பார், ஒருவர் நடுவில் இரண்டு வரியை மறந்துவிட்டுத் தாவுவார். எல்லோருக்கும் ஈடு கொடுத்து, யாரையும் விழவிடாமல் தாங்க வேண்டும். அதைவிடக் கடினமான பயிற்சிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1990இல் மொஸ்கோவில் ஒன்பதாவது சைக்கோவ்ஸ்கி சர்வதேசப் போட்டி நடந்தது. இசை உலகில் அதற்கு இருக்கும் மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் மிகச் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான சிறப்புப் பரிசு ரொஹான் டி சில்வாவுக்குக் கிடைத்தது. மறுவருடம், 1991இல், தான் படித்த ஜூலியர்டிலேயே ஆசிரியரானார். மிடோரி, ஜோஷுவா பெல், கில் ஷஹாம், வாடிம் ரெபின் என்று அவரோடு மேடையேறியவர்களின் பட்டியல் நீளமானது. 2007இல் எலிசபெத் மகாராணிக்கு வெள்ளை மாளிகையில் அரச விருந்து கொடுக்கப்பட்டபோது பெர்ல்மனோடு அங்கே வாசித்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்படியென்றாலும் அவர் பக்கவாத்தியக்காரர்தானே, தனிக்கச்சேரி செய்கிறவர் இல்லையே” என்று யாராவது கேட்டால் எனக்கு மனம் பொறுக்காது. அதனால் அந்த வேலை என்னவென்று கிட்டப்போய்ப் பார்ப்போம்.

பெத்தோவன் வயலினுக்கும் பியானோவுக்குமாகப் பத்து சொனாட்டாக்கள் எழுதினார். பத்திலும் பியானோவுக்கு வேலை குறைவில்லை. பல இடங்களில் வயலினைவிடக் கூடுதல். அவற்றுள் மிகவும் பெயர் போனது 1803இல் எழுதிய ‘குரூட்சர்’. அது வயலின் மட்டும் தனியாகப் பேசித் தொடங்குகிறது. மெதுவான நாலே நாலு அடிகள், பிரகாசமான ஸ்வரக்கட்டு. அதுவரை பியானோக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு அதே வாக்கியத்தை அவர் எடுக்கிறார், ஆனால் வெளிச்சம் மங்கிப் போகிறது. அதே வேகம், அதே கனம், நிறம் மட்டும் வேறு. அந்த நாலு அடிக்குள் வயலின்காரர் இன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறார், மண்டபம் எப்படி எதிரொலிக்கிறது, எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதையெல்லாம் காதால் அளந்து முடித்திருக்க வேண்டும். ஒத்திகையில் சரியாக வந்தது என்பதற்காக இன்றைக்கும் அப்படியே வராது.

இன்னொரு நுட்பம். பியானோ கட்டையை அமுக்கினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து தந்தியை அடிக்கிறது. ஓங்கி அமுக்கினால் சட்டென்று போய்த் தொடும். மெதுவாக அமுக்கினால் போய்ச் சேரச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். கண்ணிமைக்கும் பொழுதில் ஒரு பங்குதான், ஆனாலும் காதுக்குத் தெரியும். வயலின்காரர் மிகச் சன்னமாக வில்லை வைக்கும் அதே கணத்தில் பியானோவும் சன்னமாக ஒலிக்க வேண்டுமானால், விரல் அதற்குச் சற்று முன்னரே புறப்பட்டிருக்க வேண்டும். வில் தந்தியில் படுவதற்கு முன் வயலின்காரரின் தோள் எப்படி அசைகிறது, மூச்சை எங்கே இழுக்கிறார் என்பதைக் கடைக்கண்ணால் பார்த்துப் பழகினால்தான் இது கைகூடும். நம் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இது விளங்கும். பட்டையைத் தாண்டிக் கத்தி மரத்தில் பட்டால் மரம் காயப்படும். மேலாகச் சீவினால் பால் வராது. நடுவில் இருக்கிற அந்த நூலிழை அளவைக் கண் கண்டுபிடிக்காது, கைதான் கண்டுபிடிக்கும்.

அதோடு பெர்ல்மனின் கச்சேரி வழக்கம் ஒன்று இருக்கிறது. கடைசிப் பகுதியில் என்ன வாசிக்கப் போகிறார் என்று நிகழ்ச்சித்தாளில் இருக்காது. மேடையிலேயே அறிவிப்பார். பியானோக்காரர் அத்தனையையும் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். பெர்ல்மனிடம் இருப்பது 1714இல் ஸ்ராடிவாரியுஸ் செய்த வயலின். எந்த ஊருக்குப் போனாலும் அது அவர் தோளோடு போகும். பியானோக்காரருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. கச்சேரிப் பியானோ ஒன்று ஒன்பது அடி நீளம், ஐந்நூறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட எடை. ஊருக்கு ஊர் அங்கே இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். கட்டை இறுக்கமாக இருக்கும், மேல்ஸ்தாயி கூர்மையாகக் குத்தும், பெடல் முனகும். மாலையில் போய் உட்கார்ந்து, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அதன் குணம் அறிந்து, இரவே அதை நெடுநாள் பழகியதுபோல் வாசிக்க வேண்டும்.

இந்த வேலையின் பெருமையை நாம் அறியாதவர்கள் அல்ல. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு 1966இல் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை. அவர் வாசிக்கிறார் என்பதற்காகவே கச்சேரிக்குப் போனவர்கள் இருந்தார்கள். இதற்குச் சென்னைவரை போக வேண்டியதும் இல்லை. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது தப்பு அடிக்கும் ஐயாவைப் பாருங்கள். ஆடுகிறவனின் காலைவிட்டு அவர் கண் நகராது. பாத்திரம் மாறினால் அடி மாறும். ரதி தளர்ந்தால் அடி தளரும். விடியும்வரை ஆட்டத்தைத் தூக்கிப் பிடித்திருப்பது அந்தக் கைதான். கூத்து முடிந்ததும் மாலை போடுவது ஆடியவர்களுக்கு. எங்கள் ஊர்களில் அந்த ஐயாக்களுக்கும் ஒரு மாலை போடும் வழக்கம் வரவேண்டும் என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

இலங்கைப் பியானோ என்றால் இன்னொரு பெயரையும் சொல்லாமல் போகக் கூடாது. லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்தவர். உயர்நீதிமன்ற நீதிபதியின் மகன். சட்டம் படிக்க லண்டன் போனவர், கூடவே அதே ரோயல் இசை அகாதெமியில் பியானோவும் படித்தார். 1924இல் திரும்பி வந்தார். வழக்கறிஞர் தொழில் அவரைப் பிடித்து வைக்கவில்லை. பியானோவும் பிறகு நிழற்படமும் அவரை எடுத்துக்கொண்டன. கொழும்பில் அன்றைக்குப் புதிய கலை எது தலையெடுத்தாலும் அவருடைய வீடு அதற்குத் தாய்வீடாக இருந்தது. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா கொழும்பில் தூதரகப் பணியில் இருந்த காலத்தில் அவருக்கு நண்பரானார். பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளிலும் வென்ட்டைப் பற்றி எழுதினார். ஜோர்ஜ் கீற் முதலான ஓவியர்கள் சேர்ந்த ‘43 குழு’ 1943இல் உருவானதும் அவரைச் சுற்றித்தான். அடுத்த வருடமே, 1944 டிசெம்பரில், நாற்பத்து நாலு வயதில் இறந்துபோனார். அவருடைய வீடு இருந்த இடத்தில் 1953இல் எழுந்ததுதான் லயனல் வென்ட் அரங்கு. கொழும்பில் நல்ல பியானோக் கச்சேரி எங்கே நடக்கும் என்று கேட்டால் இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவார்கள்.

அந்த வென்ட்டுக்கும் நமக்கும் இடையில் ஒரு தொடர்பு இருக்கிறது. ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படத்தை 1934இல் பேசில் ரைட் எடுத்தார். உலக ஆவணப்பட வரலாற்றில் அழியாத இடம் பெற்ற படம் அது. 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் பரிசும் வாங்கியது. படத்தில் நாம் கேட்கும் குரல் லயனல் வென்ட்டின் குரல். படத்துக்குப் பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அந்தச் சபையோ ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது வசூலித்த வரியில் நடந்தது. அதாவது, நம் பாட்டியும் பூட்டியும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கிள்ளிய கொழுந்துதான் அந்தப் படத்துக்கு விலை கொடுத்தது. மூன்றாவது பகுதி வணிகத்தின் குரல்களைப் பற்றியது. தந்திச் செய்திகள், விலைகள், கப்பல் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்க, திரையில் உழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகத் தரமான ஒரு கலைப்படைப்புக்கு நம் உழைப்பு முதல் போட்டிருக்கிறது. கலையில் நமக்கு என்ன பங்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சிறு வயதிலேயே ஒரு கண் பார்த்துக் கண்டெடுத்ததால் வளர்ந்த இன்னொருவர் ஷானி திலூக்கா. இலங்கைப் பெற்றோருக்கு மொனாக்கோ நாட்டில் பிறந்தவர். அங்கே கிரேஸ் இளவரசி குழந்தைகளின் இசைத் திறமையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக ஒரு திட்டம் வைத்திருந்தார். ஆறு வயதில் ஷானி அதில் தெரிவானார். பின்னர் பாரிஸ் தேசிய இசைக் கல்லூரியில் படித்து, இன்று உலகெங்கும் தனிக்கச்சேரி செய்கிறார். பெத்தோவனையும் இந்திய இராகங்களையும் ஒன்றாக வைத்து இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார். ஷானியின் வீட்டில் பணம் இருந்ததா இல்லையா என்பதல்ல விஷயம். ஆறு வயதுப் பிள்ளைகளின் காதையும் கையையும் பார்ப்பதற்கென்றே அந்தச் சின்ன நாட்டில் யாரோ சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் அப்படி யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

சப்ரகமுவத் தோட்டங்களின் நிலையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவில் இருப்பதுபோல் நாம் ஒரே இடத்தில் திரண்டு இருப்பவர்கள் அல்ல. இறக்குவானையில் கொஞ்சம், காவத்தையில் கொஞ்சம், பலாங்கொடை, தெரணியகலை, எஹலியகொடை, ருவான்வெல்லை என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி இருக்கிறோம். தமிழ்மொழிப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைப்பதே பாடு. சாதாரண தரப் பாடத்திட்டத்தில் கர்நாடக சங்கீதமும் இருக்கிறது, மேலைத்தேய சங்கீதமும் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை. சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளை சங்கீதத்தைத் தெரிவு செய்ய முடியாது. தெரிவு செய்யப் பிள்ளைகள் இல்லை என்று சொல்லி ஆசிரியரும் அனுப்பப்படுவதில்லை.

பியானோ நம் மலைக்குப் புதிதும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்தில் சில பங்களாக்களில் அது இருந்தது. தூசு தட்டியதும் துடைத்ததும் நம்மவர்கள். வாசிக்க அனுமதி இருந்ததில்லை. அந்தப் பியானோக்களுக்கு இந்த ஊர் ஒத்துவந்ததும் இல்லை. பியானோவுக்குள் இருநூற்றுக்கும் மேற்பட்ட உருக்குத் தந்திகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை பதினைந்து, இருபது தொன்னுக்குக் குறையாது. அந்தத் தந்திகளின் ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது ஒரு மரப்பலகை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்த ஈரத்தில் பலகை ஊதும், சுருதி ஓடும், கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், கறையான் கீழிருந்து ஏறும். ஈரம் போகட்டும் என்று பெட்டிக்குள் ஒரு சின்ன மின்குமிழை எரியவிட்டு வைப்பார்கள். நம் போன்ற நாடுகளில் பியானோ வைத்திருப்பவர்கள் அறிந்த கைவைத்தியம் அது.

இப்போது அந்தத் தாய்க்கு நேராகவே பதில் சொல்கிறேன். தங்கச்சி, உங்கள் மகள் ரொஹான் டி சில்வா ஆவாளா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உலகத்தில் பியானோ படிக்கும் பிள்ளைகளில் கச்சேரி மேடைக்கு வருபவர்கள் மிகச் சிலர். ஆனால் இதைப் படித்தவர்களுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. மேலைத்தேய சங்கீத ஆசிரியர் வேலை இருக்கிறது. சர்வதேசப் பாடசாலைகளும் தனிப்பட்ட வகுப்புகளும் இருக்கின்றன. ஆலயங்களில், பாடகர் குழுக்களில், ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிக்கத் தெரிந்த கைக்கு எப்போதும் தேவை உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு ஆகும். பணம் கொட்டாது, ஆனால் கௌரவமாக வாழலாம்.

பிள்ளை இப்போது வாசிக்கும் கீபோர்டில் அறுபத்தொரு கட்டைகள் இருக்கும், கட்டைக்குக் கனமும் இருக்காது. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் விரலுக்குப் பலம் வருவதற்கு எண்பத்தெட்டுக் கட்டைகளும் கனமும் உள்ள டிஜிட்டல் பியானோ வேண்டும். உண்மையான பியானோவின் ஈரப் பிரச்சினையும் சுருதிப் பிரச்சினையும் இதற்கு இல்லை. ஒரு குடும்பத்தால் வாங்க முடியாது. ஒரு பாடசாலையால், ஓர் ஆலயத்தால், ஒரு தோட்டத்தின் பழைய மாணவர்கள் கூடினால் முடியும். பாட்டைக் காதால் பிடிப்பதோடு நிறுத்தாமல் இசைக்குறிப்பை வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுக்கச் சொல்லிச் சிஸ்டரிடம் கேளுங்கள். பன்னிரண்டு வயதில் அதைத் தொடங்கலாம், பதினெட்டுக்குத் தள்ளிப்போடக் கூடாது. லண்டன் தேர்வுச் சபைகளின் தரப் பரீட்சைகள் ஒன்று முதல் எட்டு வரை நம் நாட்டில் நடக்கின்றன. அவற்றுள் ரோயல் இசைப் பாடசாலைகள் சபை 2020 முதல் வாசிப்பைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பும் முறையையும் வைத்திருக்கிறது. யட்டியாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறாமலே ஒரு பரீட்சை எழுதலாம்.

பிள்ளைகள் கைத்தொலைபேசியில் லிடியன் நாதஸ்வரத்தைப் பார்த்திருப்பார்கள். சென்னைப் பையன், 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து இலட்சம் டொலர் வென்றவன். தேனீயின் பறத்தலைப் பற்றிய அந்த உருப்படியை நம்பமுடியாத வேகத்தில் வாசித்துச் சபையையே எழுந்து நிற்கவைத்தான். நம்முடைய பிள்ளை ஒருவன் அப்படி வாசிப்பதைப் பார்க்கும்போது கண் கலங்கத்தான் செய்கிறது. உங்கள் மகளும் அதைப் பார்க்கட்டும், ஆசைப்படட்டும். அத்தோடு ஒரு மாலைப்பொழுதில் பெர்ல்மனும் ரொஹானும் வாசிப்பதையும் போட்டுக் காட்டுங்கள். வயலின் பேசும்போது பியானோ எங்கே ஒதுங்குகிறது, எங்கே முன்னே வருகிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். ஆலயத்தில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிற பிள்ளை அவள். மற்றவர்கள் மூச்சு விடும் இடத்தில் தானும் நிறுத்த ஏற்கெனவே பழகியிருப்பாள்.

நம் தொழிற்சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவம், பொறியியல், பல்கலைக்கழக அனுமதி என்று நீங்கள் கொடுக்கும் புலமைப்பரிசில்களால் எத்தனையோ லயத்து வீடுகளில் விளக்கு எரிகிறது, அதற்கு நன்றி. அந்தப் பட்டியலில் கலைக்கும் ஓரிடம் வையுங்கள். தவில், நாதஸ்வரம், வீணை, பியானோ, நடனம், ஓவியம் எதுவாகவும் இருக்கட்டும். நாட்டின் ஜனாதிபதி நிதியமே ஒருகாலத்தில் ஓர் இளைஞனின் விரல்களை நம்பிப் பணம் கொடுத்திருக்கிறது. அது வீணாகவில்லை என்பதற்கு ஜூலியர்ட் சாட்சி. அதே நிதியத்திடம், மலையகப் பிள்ளைகளுக்கும் அந்த வாசலைத் திறந்து வைக்கும்படி நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வரும்வரை கேட்க வேண்டும்.

வாசகர்களாகிய உங்களிடமும் கேட்கிறேன். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அல்லது அவிசாவளைப் பக்கத்தில் இருந்துகொண்டு, சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளுக்குப் பியானோவோ கீபோர்டோ இசைக்குறிப்போ சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் இருந்தால் நமது முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். சிங்கள ஆசிரியர்களாக இருந்தாலும் நல்லது. இசைக்குறிப்புக்கு மொழி தடையில்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்து போனபின் மூடிக்கிடக்கும் டிஜிட்டல் பியானோ ஏதும் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். கொடுப்பவரையும் பாடசாலையையும் நாங்கள் சேர்த்து வைக்கிறோம். தரப் பரீட்சைகளுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்த வயதில் எந்தத் தரம், என்ன செலவாகும் என்ற விபரங்களை அடுத்த இதழில் மாணவர் பக்கத்தில் விரிவாகத் தருகிறோம். அதற்குள் தோட்டப் பாடசாலை அதிபர்கள், தங்கள் பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை வருடமாக இல்லை என்பதை ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்பினால், கல்வித் திணைக்களத்தின் வாசலுக்குப் போகும்போது எங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்